இருட்டுக்கு முன் அதிருமலை

அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கத்துக்காரர்களுக்கு மேற்கே திரும்பினால் மலைதான். ஆனால் அந்தத் தொடரின் தலைமகனான அகத்தியர் மலையில் ஏற வேண்டுமென்றால், தொடரையே சுற்றிக்கொண்டு கேரளத்துப் பக்கம் போக வேண்டும். செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழா, பாலோடு, விதுரா, அதற்கப்புறம் போணக்காடு. பாபநாசத்திலிருந்து காரையாறு, இஞ்சிக்குழி வழியாக ஏறும் பழைய பாதை ஒன்று உண்டு. என் அப்பா தலைமுறை அதில்தான் போய் வந்தது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் கிடக்கும் அந்தப் பாதையில் வெகுகாலமாக யாத்திரைக்கு அனுமதி இல்லை. “நம்ம மலைக்கு நாம கேரளா வழியாப் போகணுமா அண்ணாச்சி?” என்று கோபப்படாத ஆளே கிடையாது. கோபம் நியாயம்தான். ஆனாலும் அந்தப் பாதை மூடிக்கிடப்பதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். தாமிரபரணியின் தலைமாட்டில் ஆயிரக்கணக்கானோர் அடுப்பு மூட்டிச் சோறாக்கினால் என்ன ஆகும் என்பதை, ஆடி அமாவாசைக்கு மறுநாள் காரையாறு பக்கம் போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

நான் வனத்துறை ஆள் இல்லை, டிரெக்கிங் கம்பெனி நடத்துபவனும் இல்லை. ஆள் சேர்த்து, பதிவு போட்டு, வண்டி பிடித்து, கூட்டிப் போய்க் கூட்டி வருகிற வேலையில் ருசி கண்டவன், அவ்வளவுதான். வருகிறவர்கள் முதலில் கேட்பதெல்லாம் உச்சியைப் பற்றி. எவ்வளவு உயரம், கயிறு பிடித்து ஏற வேண்டுமாமே, மேலே அகத்தியர் சிலை இருக்கிறதாமே. உயரம் 1868 மீட்டர். கயிறும் உண்டு, சிலையும் உண்டு. ஆனால் நோட்டைத் திறந்ததும் நான் முதல் வரியாக எழுதுவது உச்சியை அல்ல. ‘இரண்டாம் நாள், சாயந்திரம் நாலு மணி, அதிருமலை.’ உச்சிக்குப் போய் இறங்கிய கடைசி ஆளும் அந்த நேரத்துக்கு அதிருமலை முகாமுக்குள் இருக்க வேண்டும். பதிவு, ஆள் தேர்வு, பையின் எடை, கடலைமிட்டாய்க் கணக்கு என்று எல்லாவற்றையும் அந்த நாலு மணியிலிருந்து பின்னோக்கித்தான் போடுகிறேன்.

பயணத்தின் அமைப்பு எளிது. முதல் நாள் போணக்காட்டிலிருந்து அதிருமலை. நாள் முழுக்க நடை. இரண்டாம் நாள் அங்கிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் ஏறி உச்சி, திரும்பவும் அதிருமலை. மூன்றாம் நாள் வந்த வழியே போணக்காடு. நடுவில் ஊர் இல்லை, கடை இல்லை, செல்போன் சிக்னலை நம்பி எதுவும் செய்ய முடியாது. தை மாதத்தில் ஆறரைக்குள் சூரியன் போய்விடும். காட்டுக்குள் அதற்கும் முன்னாலேயே இருட்டு கட்டிவிடும். அதிருமலையைச் சுற்றி ஈத்தைக்காடு. ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து நிற்கும்; பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. ஈத்தை யானைக்குப் பிடித்த தீனி. முகாமைச் சுற்றி அகழி வெட்டியிருப்பது அழகுக்கு அல்ல. நாலு மணி என்று நான் பிடிவாதம் பிடிப்பது இந்த ஈத்தைக்காட்டை வெளிச்சத்தோடு தாண்டுவதற்காக.

ஆறு கிலோமீட்டர் என்றதும் “ஒன்றரை மணி நேரம்” என்று கணக்குப் போடுகிறார்கள், ஊரில் வாக்கிங் போகும் ஆட்கள். மலையில் தூரம் அரைக்கணக்கு, ஏற்றம்தான் மீதி. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் ஒரு வாய்ப்பாடு சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது ஸ்காட்லாந்தின் மொட்டை மலைக்கு, பழகிய காலுக்குப் போட்ட கணக்கு. நம் மழைக்காட்டில் வேரும், வழுக்குப் பாறையும், ஓடையைத் தாண்டக் கால் வைக்க இடம் தேடுவதும் சேரும். அதனால் நைஸ்மித் சொல்லும் நேரத்தை அப்படியே இரட்டிப்பாக்குகிறேன். குழு பத்துப் பேர் என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டுவேன். ஒருவர் ஷூ லேஸ் கட்ட நின்றால் பத்துப் பேரும் நிற்பார்கள். இறங்க மூன்றரை மணி நேரம் ஒதுக்கினால் பன்னிரண்டரைக்கு உச்சியை விட்டாக வேண்டும். மேலே அரை மணி நேரம் போதும். அப்படியானால் பன்னிரண்டுக்கு முன் ஏறிச் சேர வேண்டும். அதற்குக் காலையில் வழிகாட்டி விடும் முதல் கூட்டத்தில் நாம் இருக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் அதிருமலைக்கு நொண்டிக்கொண்டு வராமல், நேரத்தோடு வந்து, கஞ்சி குடித்து, எட்டு மணிக்குப் படுத்திருக்க வேண்டும். முதல் நாள் போணக்காட்டில் எத்தனை மணிக்குக் கால் எடுத்து வைத்தோம் என்பதில் இரண்டாம் நாள் உச்சி இருக்கிறது.

இந்த மலைக்கு எப்போது வேண்டுமானாலும் போய்விட முடியாது. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை அடிக்கும். அது ஓய்ந்ததும் வடகிழக்கு கிழக்குச் சரிவைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மலை இரண்டிலும் நனைகிறது. கிழக்கே தாமிரபரணியும் மேற்கே கரமனையாறும் நெய்யாறும் இங்கே பிறப்பது அதனால்தான். மார்கழி வரை ஈரம் விடாது. பங்குனியில் புல்மேடு காய்ந்து தீப்பெட்டி போல் ஆகிவிடும். இடையில் கிடைப்பது சின்னச் சந்து. மகரவிளக்கிலிருந்து சிவராத்திரி வரை என்று முன்னோர் வைத்த கணக்கையே கேரள வனத்துறையும் ஏறக்குறைய பிடித்திருக்கிறது. தீ என்று நான் பயம் காட்டுவதற்கு வேறு காரணமும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. மார்ச் முதல் வாரம் சீட்டு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் அவ்வளவு ஆவலாகக் கேட்பதில்லை. தை பின்பாதி, மாசி முதல் வாரம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.

கிடைத்தால் என்பதுதான் விஷயம். நாளொன்றுக்கு நூறு பேர் அளவுக்குத்தான் விடுகிறார்கள். ஜனவரியில் வனத்துறையின் தளத்தில் பதிவு திறந்தால் நல்ல தேதிகள் காபி ஆறுவதற்குள் காலி. ஆகவே ஆள் விவரம், அடையாள அட்டை எண் எல்லாம் முதல் நாளே ஒரு தாளில் வரிசையாக எழுதியிருக்கும். சனி, ஞாயிறு கேட்டு அழுகிறவர்களை நான் சேர்ப்பதில்லை. செவ்வாய்க்கிழமை புறப்பட லீவு எடுக்க முடிகிறவர்தான் என் பட்டியலில் வருவார். டாக்டரிடம் வாங்கும் உடல் தகுதிச் சான்று கட்டாயம். இதை வெறும் காகிதமாக நினைத்துத் தெரிந்த டாக்டரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி வருகிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. “பிபி பார்த்தாரா, எவ்வளவு சொன்னார்?” என்று கேட்பேன். எண் சொல்லத் தெரியவில்லையென்றால், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். மாத்திரை சாப்பிடும் ஆள் ஐந்து நாளுக்கான மாத்திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை என் பையில் போட வேண்டும். அவர் பை ஓடையில் விழலாம், என் பை விழலாம். இரண்டும் சேர்ந்து விழுவது அபூர்வம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு பழக்கம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு எல்லோரையும் பண்பொழித் திருமலைக்கோயிலுக்கு வரச் சொல்வேன். அங்கே வண்டிப்பாதையும் இருக்கிறது, படியும் இருக்கிறது. பையில் ஆறு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைப் போட்டுக்கொண்டு படியேற வேண்டும், இறங்க வேண்டும், திரும்பவும் ஏற வேண்டும். முருகனைக் கும்பிட்ட மாதிரியும் ஆயிற்று. ஏறும்போது நான் யாரையும் கவனிப்பதில்லை. மூச்சு வாங்குவது நின்று நின்று போனால் சரியாகிவிடும். இறங்கும்போதுதான் பார்ப்பேன். இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. மறுநாள் காலையில் படி இறங்க முடியாமல் தவிக்க வைப்பது அந்த வலிதான். இரண்டாவது இறக்கத்தில் யார் முழங்காலைத் தடவுகிறார், யார் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக வைக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். அவர்தான் குழுவின் கடிகாரம். அவருடைய வேகத்துக்கே மேலே சொன்ன கணக்கு முழுவதும். அவரை முன்னால் நடக்க விடுவேன். பின்னால் விட்டால், முன்னால் போனவர்கள் ஓய்வெடுத்து எழும்போது இவர் வந்து சேருவார். இவருக்கு ஓய்வே கிடைக்காது.

பை விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். மூன்று நாளுக்கு ஏழு கிலோ, தண்ணீரையும் சேர்த்து. வீட்டு ஹாலில் பழைய பேப்பரை விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பச் சொல்வேன். பருத்திச் சட்டை நான்கு இருக்கும். மூன்று வெளியே போகும். பருத்தி நனைந்தால் காயாது, உடம்பிலேயே குளிர்ந்து ஒட்டிக்கொள்ளும். நடக்க ஒரு செட், படுக்க ஒரு செட். படுக்கிற செட்டை எந்தக் காரணத்துக்காகவும் பகலில் தொடக்கூடாது. ராத்திரி அதிருமலையில் காற்று இறங்கும்; உலர்ந்த பனியனும் கம்பளிக் குல்லாயும் இருக்கிறவனுக்குத்தான் தூக்கம். சாக்ஸ் மூன்று ஜோடி. ஷூ புதிதாக இருக்கக்கூடாது. கால் நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிட வேண்டும். இறக்கத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் பாதம் முன்னால் சறுக்கி நகம் ஷூவின் மூக்கில் இடிக்கும். நகம் நீண்டிருந்தால் மூன்றாம் நாள் மாலை பெருவிரல் கறுத்திருக்கும். இறக்கம் தொடங்கும் இடத்தில் உட்கார வைத்துக் கணுக்கால் பக்கம் லேஸை ஒரு சுற்றுக் கூட்டி இறுக்கிக் கட்டச் சொல்வேன், குதிகால் பின்னாலேயே நிற்கும்படி. இந்த இரண்டு நிமிஷ வேலைக்குச் சலித்துக்கொள்பவர்கள் மறுநாள் அவர்களாகவே கட்டிக்கொள்வார்கள்.

சாப்பாடு பெரிய கவலை இல்லை. அதிருமலையில் வனத்துறையோடு சேர்ந்த உள்ளூர்க் குழு நடத்தும் சாப்பாட்டுக்கூடத்தில் கஞ்சியும் பயறும் கிடைக்கும். நடக்கும்போது வாயில் போட்டுக்கொள்ளக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், பொரிகடலை, கருப்பட்டி, உப்பில் ஊறிய நெல்லிக்காய். நெல்லிக்காயைக் கடித்த வாயில் ஓடைத் தண்ணீர் இனிக்கும், வேண்டாம் என்றவன்கூடக் குடிப்பான். தண்ணீரைச் சுமந்து போவதில் அர்த்தமில்லை. ஒரு லிட்டர் ஒரு கிலோ, வழியெல்லாம் ஓடை. ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று, குளோரின் மாத்திரை, ஓஆர்எஸ் பாக்கெட் போதும். பிளாஸ்டிக் உறைகளை செக்போஸ்டில் பிரித்துப் பார்ப்பார்கள். நான் வீட்டிலேயே எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, காகிதத்தில் மடித்துவிடுவேன். அங்கே நின்று பையைக் கவிழ்த்து அள்ளுவதில் இருபது நிமிஷம் போகும். இருபது நிமிஷத்தைக் காலை வெயில் இல்லாத நேரத்திலிருந்து யார் எடுத்துக் கொடுப்பது?

பாலோடு வழியாகப் போகும்போது வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தின் கதையை வண்டியில் சொல்லிவிடுவேன். 1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு இந்தக் காட்டுக்குள் போனபோது, கூட வந்த காணிக்கார வழிகாட்டிகள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் கெஞ்சிக் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மஸிக்கு உரிமம் கொடுத்தபோது கட்டணத்திலும் உரிமைத்தொகையிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் முழுக்க இதைப் பேசினார்கள். கதை சொல்வது பொழுதுபோக்குக்காக மட்டுமல்ல. நம்மோடு வரப்போகும் வழிகாட்டிகளில் பலர் காணி மக்கள். ‘கைடு’ என்று விரலைச் சொடுக்கிக் கூப்பிடும் ஆட்கள் இந்தக் கதைக்குப் பிறகு ‘சேட்டா’ என்கிறார்கள்.

போணக்காட்டில் மூடிக்கிடக்கும் தேயிலைத் தோட்டம், ஆளில்லாத பழைய பங்களா, அதைப் பற்றிய பேய்க்கதைகள். அதற்கெல்லாம் நேரம் கொடுக்காமல் நடையைத் தொடங்கிவிட வேண்டும். முதல் பாதி நிழல். லாத்திமொட்டை, கரமனையாறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஒவ்வொரு நீர்த்தடத்திலும் ஒரு நிற்றல். பிறகு புல்மேடு வரும். அங்கே மருந்துக்கும் நிழல் இல்லை. பதினோரு மணிக்கு அதில் நுழைவதும் ஒரு மணிக்கு நுழைவதும் ஒன்றல்ல. அதிகாலைப் புறப்பாட்டின் பலன் முதலில் தெரிவது இங்கேதான். அதற்கப்புறம் ஏழுமடக்குத்தேரி, முட்டிடிச்சான்தேரி. தேரி என்றால் நம் பக்கத்துச் செம்மணல் தேரி அல்ல, செங்குத்தான ஏற்றம். முட்டிடிச்சானில் ஏறும்போது யாரும் பேச மாட்டார்கள், நானும் பேசச் சொல்ல மாட்டேன். இரண்டு மூச்சுக்கு ஒரு எட்டு. உட்காரக்கூடாது, நின்றுகொண்டே இளைப்பாற வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

வறண்ட மாதத்திலும் ஓடைக்கரையில் அட்டை இருக்கும். காலடி அதிர்வும் மூச்சுக்காற்றும் பட்டதும் சருகின் நுனியில் நூல் போல நிமிர்ந்து நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டித் துழாவும். ஷூவின் ஓரத்தில் ஒட்டினால் முழம் போட்டுக்கொண்டு சாக்ஸின் விளிம்புக்கு வந்து, பின்னலுக்கு இடையில் மெலிந்து நுழைந்துவிடும். கடித்தது தெரியாது; சாக்ஸ் ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தால் ரத்தம். அதன் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் அது விழுந்த பிறகும் கசியும். அதைப் பார்த்துக் கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துவதில்தான் நேரம் போகிறது, கடியால் ஒன்றும் ஆவதில்லை. ஒரு துணியில் உப்பைக் கட்டி நனைத்துக் குச்சி நுனியில் முடிந்து வைத்திருந்தால் போதும், தொட்டதும் சுருண்டு விழும். புகையிலைத் தண்ணீரில் சாக்ஸை நனைத்துக் காயவைத்துக் கொண்டுவரும் பழைய ஆட்கள் உண்டு. வேலை செய்யும், ஆனால் டார்மிட்டரியில் அவர் பக்கத்தில் யாரும் படுக்க மாட்டார்கள்.

அட்டையைவிட எனக்குக் கவலை பாம்பு. இந்தியாவில் நம் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலு வகைக்கானது. இந்தக் காடுகளில் சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும் குழிவிரியன் வகைகளுக்கு அது சரியாக வேலை செய்யாது. ஆகவே கடிபடாமல் இருப்பதுதான் மருந்து. பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைக்கக்கூடாது. விழுந்த மரத்தைத் தாண்டும்போது அதன் மேல் ஏறி நின்று மறுபக்கம் பார்த்துவிட்டுக் கால் இறக்க வேண்டும். ராத்திரி கழிப்பறைக்கு டார்ச் இல்லாமல் போகக்கூடாது. யானைக்கு நாம் செய்யக்கூடியது வழிகாட்டியின் கையைப் பார்ப்பது. அவர் கை உயர்ந்தால் வாய் மூட வேண்டும். புதுப் பிண்டம் கிடந்தால் ஒரு நிமிஷம் அப்படியே நின்று காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார், மூக்கை லேசாகத் தூக்குவார். அந்த ஒரு நிமிஷத்தில் பின்னால் எவனாவது சிப்ஸ் கவரைக் கசக்கினால் எனக்குக் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

இரண்டாம் நாள் ஏற்றத்தில் காடு குட்டையாகிக்கொண்டே போகும். பாறை முகத்தில் வரைக்கமுகு மெல்லிய தண்டோடு நிற்கும். யானை ஏற முடியாத இடம் பார்த்து நிற்கிறதோ என்று தோன்றும். தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்று, நிறம்பல்லி. இலை அகலமாக இருப்பதால் யாரும் ஊசியிலை என்று நம்பமாட்டார்கள். அதுவும் இந்தப் பக்கத்துக் காடுகளில் இருக்கிறது. பொங்காலப்பாறையில் ஓடை பரந்து ஓடும். தமிழ்நாட்டிலிருந்து வந்த யாத்திரைக்காரர்கள் பொங்கலிட்ட இடம். அங்கேதான் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். பத்தரை தாண்டியிருந்து, மேலே மேகம் கட்டியிருந்து, குழுவின் கடிகாரமான ஆசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றால், அவரோடு நான் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். இது புறப்படுவதற்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவைத்த ஏற்பாடு. பாதி வழியில் திரும்புவது என்ற முடிவை ஏற்றத்தின் நடுவில் எடுக்கச் சொன்னால் யாராலும் முடியாது. ரோஷம் வரும், பணம் கட்டியது நினைவுக்கு வரும், “இன்னும் கொஞ்சம்தானே” என்று நாக்கு சொல்லும். வீட்டில் விரித்த பேப்பர் மேல் உட்கார்ந்து எடுத்த முடிவு என்றால் ரோஷத்துக்கு வேலையில்லை. பொங்காலப்பாறையில் உட்கார்ந்தவர்களுக்கு நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, எதிர்மரத்தில் கருமந்திக் கூட்டம் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு, கடலைமிட்டாய் முழுவதையும் தாங்களே தின்னலாம்.

அதற்கு மேல் வழுக்குப் பாறையில் கயிறு. ஈரமாக இருந்தால் வழிகாட்டி விடமாட்டார், அவரிடம் வாதாடக்கூடாது. கயிறு உடம்பைத் தூக்குவதற்கு இல்லை, நிலைதடுமாறாமல் இருப்பதற்கு, ஏறுவது கால்தான். முன்னால் போகிறவர் கயிற்றை விட்ட பிறகுதான் அடுத்தவர் தொட வேண்டும்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். அங்கே நிற்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அகத்தியரைவிட ஜான் ஆலன் பிரவுன். திருவிதாங்கூர் மகாராஜாவின் வானியலாளர். திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர். 1855இல் இந்த மலை மேல் ஒரு ஆய்வகம் அமைத்தார். காந்த ஊசியின் அசைவைக் கீழே திருவனந்தபுரத்திலும் மேலே இந்த மலையிலும் அளந்து ஒப்பிட்டார். அந்த அளவீடுகள் 1874இல் புத்தகமாக வந்தன. பாதையே சரியாக இல்லாத காலத்தில், அசைந்தாலே கெட்டுப்போகும் கருவிகளை இந்தப் பாறையில் ஏற்றி, அளவெடுக்க ஆள் வைத்து, அந்த ஆளுக்கு அரிசி அனுப்பி! அவர் போட்ட சுமைப்பட்டியல் எங்காவது இருந்தால் படிக்க ஆசை. யார் சுமந்தார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கோயில் காரியமாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் முன்பே சொல்லிவிட வேண்டும். பூஜைச் சாமான் கொண்டுபோக இப்போது அனுமதியில்லை. கற்பூரம் ஏற்ற முடியாதா என்று வருத்தப்படும் பெரியவர்களிடம் நான் விவாதிப்பதில்லை, அங்கே நின்று கும்பிட யாரும் தடை சொல்லவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பெண்கள் வரலாமா என்ற கேள்விக்கு 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. 2019 பருவத்திலிருந்து பெண்கள் ஏறுகிறார்கள். காணி மக்களில் ஒரு பகுதியினர் அப்போது எதிர்ப்புத் தெரிவித்து உட்கார்ந்ததும் நடந்தது. குழுவில் மதினிமார்கள் வரத் தொடங்கிய பிறகு என் வேலை சுலபமாகியிருக்கிறது என்பது அனுபவம். அவர்கள் பையில் ஏழு கிலோ என்றால் ஏழு கிலோதான் இருக்கிறது, நகம் வெட்டியிருக்கிறது, பிபி எண் மனப்பாடமாகத் தெரிகிறது.

மூன்றாம் நாளைத்தான் எல்லோரும் இளக்காரமாக நினைக்கிறார்கள். உச்சி பார்த்தாயிற்று, இனி வீடு என்ற எண்ணத்தில் கால் வேகம் பிடிக்கும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இந்த நாளில்தான், அதுவும் கஷ்டமான இடத்தில் அல்ல, அட்டையாறு தாண்டிய பிறகு வரும் சாதாரண சரிவுகளில். ஆகவே முதல் நாள் வரிசை அப்படியே. மெதுவாக நடப்பவர் முன்னால், நான் கடைசியில். லேஸ் திரும்பவும் இறுக்கிக் கட்ட வேண்டும். ஊரில் ஒருவரிடம் நாங்கள் எத்தனை மணிக்குள் போன் செய்வோம், செய்யாவிட்டால் வனத்துறையில் யாருக்குப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். அதனால் சிக்னல் கிடைக்கும் முதல் வளைவில் அந்தப் போன்தான் முதலில், போட்டோ அனுப்புவதெல்லாம் அப்புறம். போணக்காட்டில் ஷூவைக் கழற்றி வண்டிக்கு வெளியிலேயே உதறி, சாக்ஸைத் திருப்பிப் பார்த்து, அட்டை இல்லை என்று தெரிந்த பிறகு ஏறலாம். பகல் பன்னிரண்டரைக்குள் வண்டி கிளம்பினால் பாலோட்டில் மீன்குழம்போடு சாப்பாடு கிடைக்கும். பிந்தினால் தென்மலை தாண்டும்வரை மிச்சமிருக்கும் பொரிகடலைதான்.